குற்ற உணர்வு: விசுவாசிகள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள்

ஆராதனை முடிந்து ஆலய வாசலில் செருப்பைத் தேடும்போது, வீட்டு ஜெபக்கூட்டம் கலைந்த பிறகு, சில நேரம் இரவு பதினொரு மணிக்குப் போனில் என்று ஒரே மாதிரியான சந்தேகங்கள் வந்துகொண்டே இருக்கின்றன. கேட்பவர்கள் வேறு, கேள்வி ஒன்றுதான். அவற்றைக் கேட்ட விதத்திலேயே எழுதி, பதிலையும் சேர்த்திருக்கிறோம். வசனங்கள் பரிசுத்த வேதாகமத்தின் நடையில் இருக்கின்றன. கத்தோலிக்க வாசகர்களின் திருவிவிலியத்தில் சொற்கள் கொஞ்சம் மாறும், பொருள் மாறாது.

"மனசு உறுத்துதுன்னா நாம பாவம் பண்ணியிருக்கோம்னுதானே அர்த்தம்?"

அப்படிச் சொல்லிவிட முடியாது. குற்றம் என்பது நடந்த காரியம். குற்ற உணர்வு என்பது உள்ளே எழும் வலி. இரண்டும் சேர்ந்தும் வரும், தனித்தனியாகவும் வரும். தாவீது ராஜா பத்சேபாளைச் சேர்த்துக்கொண்டு, அவள் கணவன் உரியாவைப் போர்முனையில் சாகவிட்டான். குழந்தை பிறக்கும்வரை அவன் வாய் திறந்து ஒப்புக்கொண்டதாக ஒரு வரிகூட இல்லை. தீர்க்கதரிசி நாத்தான் வந்து, ஏழையின் ஒரே ஆட்டுக்குட்டியைப் பணக்காரன் பறித்த கதையைச் சொன்னபோதும், கதையில் வந்த பணக்காரன்மேல் கோபம் மூண்டதே தவிர, அது தான்தான் என்று அவனுக்கு உறைக்கவில்லை (2 சாமுவேல் 12). மலையளவு குற்றம் இருந்தது, உணர்வு வரவில்லை.

இதற்கு நேர்மாறாக, பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால்கூட "நான் சரியாப் பார்த்துக்கல" என்று குமைகிற தாய்மார் உண்டு. அங்கே உணர்வு நிறைய, குற்றம் எதுவும் இல்லை. ஆகவே மனசு உறுத்தினால் முதலில் கேட்க வேண்டியது, "உண்மையில் நடந்தது என்ன?" என்பதுதான். வலி எவ்வளவு என்பதை வைத்துக் குற்றத்தை அளக்கக்கூடாது.

"மனசாட்சி கடவுளோட குரல்னு சண்டே ஸ்கூல்ல சொல்லிக் கொடுத்தாங்களே?"

பாதி சரி. ரோமர் 2:15 மனச்சாட்சியை உள்ளே இருந்து பேசும் சாட்சி என்கிறது. சாட்சி வேறு, நீதிபதி வேறு. சாட்சிக்குத் தவறாகவும் பாடம் சொல்லிக்கொடுக்க முடியும். வேதமே பலவீனமான மனச்சாட்சியைப் பற்றிப் பேசுகிறது (1 கொரிந்தியர் 8). சூடுபட்டு மரத்துப்போன மனச்சாட்சியைப் பற்றியும் பேசுகிறது (1 தீமோத்தேயு 4:2).

நகை அணியாத பெந்தெகொஸ்தே சபையில் வளர்ந்த ஒரு பெண், சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) குடும்பத்துக்கு மருமகளாகப் போகிறாள். மாமியார் ஆசையாகப் போட்டுவிட்ட சங்கிலி அவள் கழுத்தில் நெருப்பாகச் சுடுகிறது. அந்த உறுத்தலை யாரும் கேலி செய்யக்கூடாது. ரோமர் 14 சொல்வதுபோல, சந்தேகத்தோடு செய்வது அவளுக்கு நல்லதல்ல. ஆனால் சங்கிலி போட்டிருக்கும் மாமியார் பாவி என்று அதனால் ஆகிவிடாது. இதே ஊர்களில், கல்லறைத் தோட்டத்தில் சாதிக்கொரு பக்கம் ஒதுக்கிவிட்டு அடுத்த ஞாயிறு நற்கருணை வாங்கியவர்களுக்கு ஒரு முள்கூடக் குத்தியதில்லை. சங்கிலிக்குத் துடிக்கிற மனசாட்சி சாதிக்குத் துடிக்கவில்லை என்றால், அதற்குப் பாடம் சொன்னது வேதம் அல்ல, ஊர். சின்ன விஷயத்துக்கு அலறி, பெரிய விஷயத்துக்கு அது தூங்குகிறதா என்று அவ்வப்போது வசனத்தோடு ஒத்துப் பார்க்க வேண்டும்.

"இது ஆவியானவர் உணர்த்துறதா, இல்ல பிசாசு குற்றப்படுத்துறானா? எப்படித் தெரிஞ்சுக்கறது?"

அதிகமாக வரும் கேள்வி இதுதான். ஒரு தாளை எடுத்து மூன்றே மூன்று வரி எழுதுங்கள்: என்ன செய்தேன், யாருக்குச் செய்தேன், எப்போது செய்தேன். ஆவியானவர் உணர்த்துவதற்கு ஒரு விலாசம் இருக்கும். "செவ்வாய்க்கிழமை சாயங்காலம் கடையில் வேலை பார்க்கும் பையனை வாடிக்கையாளர் முன்னால் அடிக்கக் கை ஓங்கினேன்." இப்படி மூன்று வரியும் நிரம்பினால் அது கவனிக்க வேண்டிய காரியம். அடுத்த படி என்ன என்பதும் அதிலேயே தெரிந்துவிடும்: அந்தப் பையனிடம் போக வேண்டும்.

"நான் ஒரு தகுதியில்லாதவன், எல்லாத்துலயும் தோத்தவன், தேவனுக்கு என்னைக் கண்டாலே பிடிக்காது" என்பதற்கு விலாசம் இல்லை. செயல் இல்லை, ஆள் இல்லை, தேதி இல்லை. போகச் சொல்லும் இடமும் இல்லை, மூலையில் உட்கார மட்டும் சொல்லும். வெளிப்படுத்தல் 12:10 சாத்தானை இரவும் பகலும் குற்றஞ்சாட்டுகிறவன் என்கிறது. ஓயாத நச்சரிப்பு அவன் பாணி. பவுல் இதையே வேறு விதமாகப் பிரிக்கிறார்: "தேவனுக்கேற்ற துக்கம்" மனந்திரும்புதலில் கொண்டுபோய் விடும், "லௌகிக துக்கமோ மரணத்தை உண்டாக்குகிறது" (2 கொரிந்தியர் 7:10). அது எங்கே கொண்டுபோய் விடுகிறது என்று பாருங்கள். ஒரு வாரம் அந்த உணர்வோடு இருந்தும் செய்யக்கூடிய காரியம் ஒன்றுகூடத் தென்படவில்லை என்றால், அதைத் தேவன் அனுப்பினார் என்று எண்ணிச் சுமக்க வேண்டாம்.

"பாவ அறிக்கை எப்படிப் பண்ணணும்? 'ஆண்டவரே, என் எல்லாப் பாவத்தையும் மன்னியும்'னு சொன்னாப் போதாதா?"

ஆராதனையில் எல்லோரும் சேர்ந்து சொல்லும் பொதுப் பாவ அறிக்கை அப்படித்தான் இருக்கும், அதில் குறையில்லை. தனியாக ஜெபிக்கும்போது மட்டும் பாவத்துக்குப் பெயர் வையுங்கள். "கோபப்பட்டேன்" என்று சொல்லாமல், "மனைவியின் அம்மாவைப் பற்றி அவள் அழும்வரை பேசினேன்" என்று சொல்லுங்கள். நடந்ததைச் சொல்லுங்கள், காரணம் சேர்க்காதீர்கள். மன்னிப்புக் கேளுங்கள். 1 யோவான் 1:9-ஐ வாசித்து, மன்னித்ததற்கு நன்றி சொல்லி முடியுங்கள். ஐந்து நிமிடம் போதும். பலர் நன்றி சொல்வதை விட்டுவிடுகிறார்கள். அதனால்தான் ஜெபம் கதவு சாத்தப்படாத வீடு மாதிரி இழுத்துக்கொண்டே போகிறது.

கத்தோலிக்கர்களுக்கு ஒப்புரவு அருட்சாதனம் இருக்கிறது. பெரியவர்கள் இன்றும் பாவசங்கீர்த்தனம் என்பார்கள். கனமான பாவங்களை வருடத்துக்கு ஒருமுறையாவது குருவிடம் அறிக்கையிட வேண்டும் என்பது திருச்சபைச் சட்டம். கேட்ட குரு அதை எக்காரணம் கொண்டும் வெளியில் சொல்லக்கூடாது. பங்குத்தந்தை தெரிந்தவர் என்பதால் கூச்சமாக இருந்தால் பக்கத்துப் பங்குக்குப் போகலாம், அது ஏமாற்று அல்ல.

"ஆண்டவர்கிட்ட கேட்டுட்டேன். அந்த ஆள்கிட்டயும் போய்க் கேட்கணுமா?"

அவருக்குத் தெரிந்து அவரைக் காயப்படுத்தியிருந்தால், கேட்கத்தான் வேண்டும். பலிபீடத்தின் முன் காணிக்கையை அப்படியே வைத்துவிட்டுப் போய், முதலில் சகோதரனோடு ஒப்புரவாகு என்று ஆண்டவரே வரிசையைச் சொல்லிவிட்டார் (மத்தேயு 5:23-24). உங்கள் மனசுக்குள் மட்டும் ஒருவரைப் பற்றிக் கேவலமாக நினைத்திருந்தால், அதைத் தேவனோடு முடித்துக்கொள்ளுங்கள். அவருக்குத் தெரியவே தெரியாத பொறாமையை அவர் வீட்டுக்குப் போய்க் கொட்டினால் உங்கள் பாரம் இறங்கும், அவர் தலையில் ஏறும்.

கேட்கும் முறையில்தான் பெரும்பாலும் கோணலாகிறது. டிசம்பர் 31 இரவு ஆராதனைக்கு முன்னால் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் "இந்த வருஷம் என்னால யார் மனசாவது புண்பட்டிருந்தா மன்னிச்சிருங்க" என்று வைக்கிறோமே, அது யாரிடமும் கேட்ட மன்னிப்பு இல்லை. "புண்பட்டிருந்தா" என்ற சொல்லே, புண்பட்டது உங்கள் தப்பு என்று சொல்லிவிடுகிறது. நேரில் போய், செய்ததைப் பெயர் சொல்லிச் சொல்ல வேண்டும்: "அண்ணி, போன மாசம் பால்காய்ப்பு அன்னைக்கு எல்லார் முன்னாடியும் உங்க சமையலைக் கேலி பண்ணிப் பேசிட்டேன். அது தப்பு. உங்களை அவமானப்படுத்திட்டேன். என்னை மன்னிச்சிருங்க." இவ்வளவுதான். இதற்குப் பிறகு "ஆனா நீங்களும் அன்னைக்கு…" என்று ஆரம்பித்தால் கேட்டது அத்தனையும் வீண். அண்ணி உடனே சிரித்துவிடுவார் என்று எதிர்பார்க்காதீர்கள். "யோசிக்கிறேன்" என்றாலும், ஒன்றும் பேசாமல் உள்ளே போய்விட்டாலும், உங்கள் பங்கு முடிந்தது. அவருக்கு எவ்வளவு நாள் வேண்டுமோ அவ்வளவு நாள் எடுத்துக்கொள்ளட்டும்.

"பணம் சம்பந்தப்பட்ட தப்புன்னா? காணிக்கைப் பெட்டில போட்டுடலாமா?"

கூடாது. அது உங்கள் பணம் இல்லையே, காணிக்கை கொடுக்க உங்களுக்கு ஏது உரிமை? லேவியராகமம் 6-ஆம் அதிகாரம் இதற்குத் தெளிவான கணக்கே வைத்திருக்கிறது. அயலானை ஏமாற்றி எடுத்ததை முதலோடு, ஐந்தில் ஒரு பங்கு கூட்டி, உரியவன் கையில் கொடுக்க வேண்டும். குற்றநிவாரணபலி அதோடு சேர்ந்தே வர வேண்டும். கடையில் கணக்கு எழுதும்போது 40,000 ரூபாய் எடுத்தீர்கள் என்று வையுங்கள். ஐந்தில் ஒன்று 8,000. திருப்ப வேண்டியது 48,000. வரி வசூலித்த சகேயு நாலத்தனையாகத் திருப்பித் தருகிறேன் என்றது (லூக்கா 19:8) அவன் மனம் உருகிச் சொன்னது, எல்லோருக்கும் போட்ட விதி அல்ல. நாம் இன்று மோசேயின் சட்டத்துக்குக் கீழே இல்லைதான். ஆனாலும் எடுத்தவன் அசலை மட்டும் வைத்துவிட்டுப் போனால், இத்தனை வருஷம் அந்தப் பணம் இல்லாமல் மற்றவர் பட்ட கஷ்டத்துக்கு என்ன பதில்? அந்தக் கூடுதல் பங்கு அந்தக் கேள்விக்கான பதில்.

மொத்தமாகத் தர முடியாவிட்டால் மாதாமாதம் தரலாம். தொகையையும் தேதியையும் எழுதிக் கொடுத்துவிட்டுத் தாருங்கள். உரியவர் இறந்துபோயிருந்தால் வாரிசுகளுக்குப் போக வேண்டும். யாருமே இல்லையென்றால்தான் அது தேவனுக்கு என்று எண்ணாகமம் 5:8 சொல்கிறது. காணிக்கைப் பெட்டியின் முறை அப்போதுதான் வரும். தொகை பெரியது, போலீஸ் வழக்காகக்கூடியது என்றால், ஒப்புக்கொள்வதற்கு முன் ஒரு வக்கீலைப் பாருங்கள். ஒப்புக்கொள்ளாமல் தப்பிப்பதற்கு அல்ல, குடும்பம் நிலைகுலையாமல் ஒழுங்காகத் திருப்புவதற்கு.

எங்கள் அனுபவத்தில், கிறிஸ்தவக் குடும்பங்களில் யாரும் வாய்விட்டுச் சொல்லாமல் அதிகமாகச் சுமக்கும் பணக் குற்றம், சகோதரிகளின் பங்கு. அப்பா உயில் எழுதாமல் போய்விட்டால், 1925-ஆம் வருட இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி கிறிஸ்தவ மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு. "சும்மா ஒரு கையெழுத்துப் போடும்மா, பத்திரத்துல பேர் மாத்தணும்" என்று தங்கையிடம் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கிவிட்டு, கிறிஸ்மஸுக்கு ஒரு பட்டுப் புடவை எடுத்துக் கொடுக்கிற அண்ணன்மார் நிறைய. நகை போட்டுக் கட்டிக் கொடுத்தோமே என்ற பதில் செல்லாது. அப்பா வைத்துவிட்டுப் போன நிலம் இன்றைக்கு என்ன விலை என்று இருவரும் சேர்ந்து உட்கார்ந்து கணக்குப் பாருங்கள். புடவையால் அந்த உறுத்தல் போகாது.

"அறிக்கை பண்ணி, மன்னிப்புக் கேட்டு, எல்லாம் முடிச்சாச்சு. இன்னும் மனசு அறுக்குதே?"

முதலில் மேலே சொன்ன இரண்டு பதில்களையும் ஒருமுறை பாருங்கள்: போக வேண்டிய ஆளிடம் போகாமல், கொடுக்க வேண்டியதைக் கொடுக்காமல் விட்டிருக்கிறீர்களா? விட்டிருந்தால் அறுப்பதில் நியாயம் இருக்கிறது. எதுவும் பாக்கி இல்லையென்றால், உணர்வு கொஞ்சம் தாமதமாகத்தான் ஆறும் என்று தெரிந்துகொள்ளுங்கள். கடன் அடைத்த அன்றே தூக்கம் வந்துவிடுவதில்லை. பல வருஷம் பயந்த உடம்பு பழக்கத்தில் பயப்படும். "நம்முடைய இருதயமே நம்மைக் குற்றவாளிகளென்று தீர்க்குமானால், தேவன் நம்முடைய இருதயத்திலும் பெரியவராயிருந்து சகலத்தையும் அறிந்திருக்கிறார்" (1 யோவான் 3:20). இருதயம் தீர்ப்பு சொன்னாலும், அதற்கு மேலே ஒரு நீதிமன்றம் இருக்கிறது.

அதே பாவத்தைத் திரும்ப அறிக்கை செய்யாதீர்கள். நினைவு வரும்போது, "இதற்கு நன்றி சொல்லியாயிற்று" என்று மட்டும் சொல்லிவிட்டு, செய்துகொண்டிருந்த வேலைக்குத் திரும்புங்கள்.

"அதே பாவத்துல திரும்பத் திரும்ப விழறேன். எந்த மூஞ்சியோட ஜெபிக்கிறது?"

பெரும்பாலும் இதைக் கேட்பவர்கள் வாலிபர்கள், பெரும்பாலும் காரியம் போனில் பார்க்கும் ஆபாசப் படங்கள். விழுந்த பிறகு என்ன செய்கிறீர்கள் என்று பாருங்கள். மூன்று நாள் ஜெபிப்பதில்லை, ஒரு மாதம் நற்கருணைக்கு வருவதில்லை. நீங்களே உங்களுக்குப் போட்டுக்கொண்ட தண்டனை அது. அந்த மூன்று நாள் தனிமையில்தான் அடுத்த விழுகை நடக்கிறது. நீதிமான் ஏழுதரம் விழுந்தாலும் திரும்பவும் எழுந்திருப்பான் என்கிறது நீதிமொழிகள் 24:16. விழுந்த அதே இரவு, வெட்கத்தோடேயே, ஒரு நிமிடமாவது ஜெபியுங்கள்.

பிறகு வேலையைப் பாருங்கள். இரண்டு வாரம், விழுந்த நேரத்தையும் இடத்தையும் அதற்கு முந்தின ஒரு மணி நேரத்தையும் எழுதி வையுங்கள். பலருக்கு அது ஒரே நேரமாக இருக்கும்: இரவு பதினொன்றரை, தனி அறை, வீட்டில் யாரிடமோ சண்டை. அப்படியானால் பத்து மணிக்குப் போன் ஹாலில் சார்ஜில் இருக்கட்டும். எழுப்புவதற்கு நூற்றைம்பது ரூபாய் அலாரம் கடிகாரம் போதும். உங்களைவிட மூத்த, வாயை அடக்கத் தெரிந்த ஒருவரிடம் வாரம் ஒருமுறை உள்ளதைச் சொல்லுங்கள் (யாக்கோபு 5:16). ஆணுக்கு ஆண், பெண்ணுக்குப் பெண். "வைராக்கியமாக இருக்கப்போகிறேன்" என்ற தீர்மானத்தைவிட ஹாலில் இருக்கும் சார்ஜர் அதிகம் உதவும்.

"அப்போ நற்கருணை எடுக்கலாமா? 'அபாத்திரமாய்', அதாவது தகுதியில்லாம எடுத்தா சாபம்னு பயமா இருக்கு."

1 கொரிந்தியர் 11:28 தன்னைச் சோதித்தறிந்துவிட்டு விலகி நிற்கச் சொல்லவில்லை, சோதித்தறிந்து அப்பத்தில் புசிக்கச் சொல்கிறது. அந்த அதிகாரத்தில் பவுல் கண்டித்தது, ஏழைகள் பசியோடு நிற்க, பணக்காரர் முந்திச் சாப்பிட்டுக் குடித்து வெறித்ததை. தன் பாவத்துக்காக வருந்துகிறவரை அல்ல. கத்தோலிக்கர்கள் கனமான பாவம் இருந்தால் முதலில் ஒப்புரவு செய்துவிட்டு வர வேண்டும்.

"கல்யாணத்துக்கப்புறம் ஒரு தப்பு நடந்துபோச்சு. வீட்டுக்காரர்கிட்ட சொல்லணுமா?"

ஒரே பதில் இல்லாத கேள்வி. இருந்தாலும் சில விஷயங்களில் சந்தேகமே வேண்டாம். அந்த உறவு இன்னும் ஓடிக்கொண்டிருந்தால், சொல்வதற்கு முன் அதை நிறுத்த வேண்டும். அந்த எண்ணை அழித்து, வேலை இடத்தை மாற்ற முடிந்தால் மாற்றி நிறுத்த வேண்டும். உடல் உறவு நடந்திருந்தால், துணையின் உடல்நலத்தைப் பாதிக்கக்கூடியதை ரகசியமாக வைத்திருக்க உங்களுக்கு உரிமை இல்லை. தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் உள்ள நம்பிக்கை மையங்களில் எச்ஐவி பரிசோதனை இலவசம், ரகசியம் காக்கப்படும். இப்போது ஒன்று, மூன்று மாதம் கழித்து இன்னொன்று. அதுவரை சேராமல் இருங்கள்.

எங்கள் தீர்ப்பு, பெரும்பாலும் சொல்வதே நல்லது, ஏனென்றால் வேறு யார் வாயிலாகவோ தெரியவரும்போது உடைவது இரண்டு மடங்கு. ஆனால் அடிக்கிற கணவர், உயிருக்கு ஆபத்து என்றால் தனியாகச் சொல்லாதீர்கள். பயிற்சி பெற்ற ஒரு ஆலோசகர் உதவியோடு முதலில் உங்கள் பாதுகாப்பைப் பாருங்கள். சொல்லும்போது எங்கே, எத்தனை முறை, எப்படி என்று படம் வரையாதீர்கள். அந்தப் படங்கள் கேட்டவர் மனசில் வருஷக்கணக்கில் ஓடும். மனசுக்குள் வந்துபோன சபலத்தையெல்லாம் துணையிடம் ஒப்புவிக்கவும் தேவையில்லை.

"அப்பா சாகும்போது நான் துபாய்ல இருந்தேன். முகத்தைக்கூடப் பார்க்கல."

முதலில் சொன்ன மூன்று வரியை இங்கேயும் எழுதிப் பாருங்கள். "என்ன செய்தேன்" என்ற வரியில் என்ன வரும்? சம்பளம் அனுப்பினேன், லீவு கிடைக்கவில்லை, விமானம் கிடைக்கும்முன் அடக்கம் முடிந்துவிட்டது. இதில் பாவம் எது? இது துக்கம். துக்கம் பல நேரம் குற்ற உணர்வின் சட்டையைப் போட்டுக்கொண்டு வரும், ஏனென்றால் "நான் மட்டும் அங்கே இருந்திருந்தால்" என்று நினைப்பது, ஒன்றும் செய்திருக்க முடியாது என்று ஒப்புக்கொள்வதைவிட லேசாகத் தெரிகிறது.

கல்லறைக்குப் போய்ப் பேசுங்கள், அழுங்கள். சொல்ல நினைத்ததை ஒரு கடிதமாக எழுதுங்கள். ஒருவேளை அந்த வரியில் உண்மையிலேயே ஏதாவது வந்தால், கடைசி ஒரு வருஷம் கோபத்தில் போனை எடுக்கவில்லை என்று வந்தால், அதைப் பெயர் சொல்லி தேவனிடம் அறிக்கை செய்யுங்கள். அம்மா இருக்கிறாரா? ஞாயிறு தோறும் அவருக்குப் போன் செய்யுங்கள்.

"குழந்தை இல்லாததுக்கு உன் பழைய பாவம், முன்னோர் சாபம்தான் காரணம்னு ஒரு ஊழியர் சொன்னார்."

பிறவிக் குருடனைப் பார்த்து, இவன் செய்த பாவமா, பெற்றோர் செய்த பாவமா என்று சீஷர்கள் கேட்டபோது, இரண்டும் இல்லை என்றார் இயேசு (யோவான் 9:3). சீலோவாம் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் செத்தபோதும், செத்தவர்கள் மற்றவர்களைவிடப் பெரிய பாவிகள் அல்ல என்றார் (லூக்கா 13:4-5). தகப்பன் அக்கிரமத்தை மகன் சுமப்பதில்லை என்று எசேக்கியேல் 18:20 தீர்த்துச் சொல்கிறது. இத்தனைக்கும் பிறகு ஒருவர் அப்படிச் சொல்கிறார் என்றால், துன்பப்பட்ட யோபுவிடம் "உன் பாவம்தான் காரணம்" என்ற அவன் நண்பர்கள் செய்த அதே வேலையைச் செய்கிறார். சாப நிவர்த்திக்குக் காணிக்கை கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். கணவன், மனைவி இருவரும் டாக்டரைப் பாருங்கள், இருவரும் என்பதை அழுத்திச் சொல்கிறோம்.

"பல வருஷத்துக்கு முன்னாடி கருவைக் கலைச்சேன். இதுக்கு மன்னிப்பு உண்டா?"

உண்டு. கருச்சிதைவு தானாக நடந்திருந்தால் அதில் பாவமே இல்லை, பாரம் தூக்கியதோ பயணம் போனதோ காரணம் என்று மாமியார் சொன்னாலும் சரி. நீங்களே கலைத்திருந்தால், திருச்சபை அதைக் கனமான பாவம் என்கிறது, நாங்களும் அதை லேசாக்கவில்லை. ஆனால் அதற்கென்று தனிச் சிலுவை வேறு ஒன்று இல்லை, மற்றப் பாவங்களை மன்னிக்கும் அதே சிலுவைதான். கத்தோலிக்கத் திருச்சபையில் இதற்கு ஆயரிடம் (பிஷப்பிடம்) போக வேண்டியிருக்குமோ என்ற பயம் பலருக்கு இருந்தது. 2016-இல் போப் பிரான்சிஸ் இந்தப் பாவத்துக்கு மன்னிப்பளிக்கும் அதிகாரத்தை எல்லாக் குருக்களுக்கும் நிரந்தரமாகக் கொடுத்துவிட்டார். உங்கள் பங்கிலேயே போகலாம். உங்களை மிரட்டியோ அடித்தோ அழைத்துப்போனவர்கள் இருந்தால், அவர்கள் பங்கை நீங்கள் சுமக்க வேண்டாம்.

"சின்ன வயசுல சொந்தக்காரர் ஒருத்தர் என்கிட்ட தப்பா நடந்துக்கிட்டார். எனக்கு ஏன் அசிங்கமா இருக்கு? மன்னிக்கவும் முடியல, அதுவும் பாவமா?"

குற்றம் முழுக்க அவருடையது. கத்தவில்லை, யாரிடமும் சொல்லவில்லை, அவர் வாங்கித் தந்ததைச் சாப்பிட்டேன் என்பதெல்லாம் உங்களைக் குற்றவாளி ஆக்காது. குழந்தைக்குத் தெரிந்த ஒரே தற்காப்பு அமைதி. நீங்கள் அனுபவிப்பது அவமானம், குற்றம் அல்ல. அதற்கு அறிக்கை தேவையில்லை, ஆறுதலும் ஆலோசனையும் தேவை.

மன்னிப்பு என்பது பழிவாங்கும் உரிமையைத் தேவன் கையில் விடுவது. அதற்குக் காலம் பிடிக்கும், அவசரப்படுத்த யாருக்கும் உரிமை இல்லை. மன்னித்தாலும் அவர் வீட்டு விருந்துக்குப் போக வேண்டியதில்லை, போலீஸில் சொல்லாமல் இருக்க வேண்டியதும் இல்லை. அந்த ஆள் இப்போதும் பிள்ளைகளோடு பழகுகிறார் என்றால், இந்தியாவில் குழந்தைகள் உதவி எண் 1098-க்குச் சொல்லுங்கள். பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைக்கு இப்படி நடந்தது தெரிந்தும் புகார் செய்யாமல் இருப்பதே 2012-ஆம் வருட போக்சோ சட்டப்படி குற்றம். சபை மானம் போகும் என்று மூடி மறைக்கும் மூப்பர்களுக்கும் இது பொருந்தும்.

"பரிசுத்த ஆவிக்கு விரோதமான பாவத்தைப் பண்ணிட்டேனோ? ஜெபத்துலயே கெட்ட வார்த்தை மனசுல வருது."

மத்தேயு 12-இல் பரிசேயர் செய்தது, கண் முன்னால் ஆவியானவரின் கிரியையைப் பார்த்தும், மனசறிந்து அதைப் பிசாசின் வேலை என்று முத்திரை குத்தியது. அப்படிப்பட்டவருக்குப் பயம் வராது. பயந்து கேட்கிறீர்களே, அதுவே நீங்கள் அதைச் செய்யவில்லை என்பதற்கு அடையாளம்.

இங்கே நிறுத்தி இன்னொன்றைக் கவனியுங்கள். வேண்டாத வார்த்தை வருகிறது, அதை அழிக்க ஒரு ஜெபத்தைச் சொல்கிறீர்கள், சரியாகச் சொல்லவில்லையோ என்று மறுபடி ஆரம்பிக்கிறீர்கள், ஏழு தடவை சொன்னால்தான் அடங்குகிறது, பாஸ்டரிடம் தினம் ஒருமுறை "எனக்கு இரட்சிப்பு இருக்குதானே?" என்று கேட்கிறீர்கள், அவர் ஆமாம் என்றால் அரைமணி நேரம் நிம்மதி. ஒரு நாளில் ஒரு மணி நேரத்துக்குமேல் இதில் போகிறது என்றால் இது, வேண்டாத எண்ணமும் அதை அடக்கும் சடங்கும் திரும்பத் திரும்ப வரும் ஓசிடி என்ற நோயாக இருக்கலாம். விசுவாசக் குறைவு அல்ல. மார்ட்டின் லூத்தர் மடத்தில் மணிக்கணக்கில் பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டு, விட்டுப்போனது ஞாபகம் வந்து திரும்ப ஓடினவர். பின்னாளில் இயேசு சபையை நிறுவிய லொயோலா இக்னேஷியஸ், 1522-இல் ஸ்பெயினின் மன்ரேசாவில் இதே போன்ற தொல்லையில் உயிரை விட்டுவிடலாமா என்ற அளவுக்குப் போனவர்.

மேலே சொன்ன மூன்று வரிச் சோதனை இவர்களுக்கு வேண்டாம், அதுவும் இன்னொரு சடங்காகிவிடும். மனநல மருத்துவரைப் பாருங்கள். பயப்படும் எண்ணம் வந்தாலும் அதை அழிக்கும் ஜெபத்தைச் சொல்லாமல் இருந்து பழகும் பயிற்சியும், தேவைப்பட்டால் மாத்திரையும் நல்ல பலன் தருகின்றன. போதகர்களுக்கு ஒரு வேண்டுகோள்: ஆறுதல் சொல்கிறோம் என்று தினமும் உறுதி கொடுக்காதீர்கள். கொடுக்கக் கொடுக்கக் கேட்பது கூடும். "இதற்கு ஒருமுறை பதில் சொல்லிவிட்டேன், வாங்க காபி குடிப்போம்" என்று பேச்சை மாற்றுவது அன்பான பதில்.

"ஆண்டவர் மன்னிச்சாலும் என்னை நானே மன்னிக்க முடியல. செத்துரலாம்னு தோணுது."

முதலில் இது: இந்த எண்ணம் இப்போது இருந்தால், மேலே வாசிப்பதை நிறுத்திவிட்டு வீட்டில் ஒருவரை எழுப்புங்கள், அல்லது இந்தியாவில் 14416, இலங்கையில் 1926 என்ற எண்ணுக்குப் பேசுங்கள். இரவு எந்நேரமும் எடுப்பார்கள்.

யூதாசும் பேதுருவும் ஒரே இரவில் இயேசுவைக் கைவிட்டவர்கள். யூதாஸ் முப்பது வெள்ளிக்காசையும் திருப்பிக் கொடுத்தான், குற்றமில்லாத இரத்தத்தைக் காட்டிக்கொடுத்தேன் என்று வாயால் ஒப்புக்கொண்டான். ஆனால் போனது ஆசாரியர்களிடம், அவர்கள் "எங்களுக்கென்ன" என்று கைவிரித்தார்கள். அங்கிருந்து அவன் தனியாகப் போனான். பேதுரு அழுதுகொண்டு மற்ற சீஷர்கள் இருந்த இடத்துக்கே திரும்பினான். மறுதலித்தபோது அவன் குளிர்காய்ந்தது ஒரு கரிநெருப்பு (யோவான் 18:18). உயிர்த்த இயேசு கடற்கரையில் மீன் சுட்டு வைத்துக் காத்திருந்ததும் ஒரு கரிநெருப்பின் பக்கத்தில்தான் (யோவான் 21:9). சாப்பிட்ட பிறகே பேச்சை எடுத்தார். மூன்று முறை இல்லை என்றவனிடம் மூன்று முறை கேட்டார். "ஏன் அப்படிச் செய்தாய்" என்று ஒருமுறைகூடக் கேட்கவில்லை. அன்பாயிருக்கிறாயா என்றார், ஆடுகளை மேய்க்கச் சொன்னார். தன்னைத்தானே மன்னித்துக்கொள் என்று வேதத்தில் எங்கும் கட்டளை இல்லை. உங்களால் முடியாததை உங்களிடம் யாரும் கேட்கவில்லை. மன்னிக்கப்பட்டவராக, ஆட்கள் இருக்கிற இடத்தில் இருங்கள். தனியாகப் போகாதீர்கள்.

"பிள்ளைங்க சேட்டை பண்ணா 'இயேசப்பா அழுவார்'னு சொல்றோம். சொல்லலாமா?"

வேண்டாம். ஐந்து வயசுப் பிள்ளைக்கு அது, என்னால் தேவன் அழுகிறார் என்று ஆகிறது. மேலே பல கேள்விகளில் பார்த்த விலாசம் இல்லாத பயம் இப்படித்தான் விதைக்கப்படுகிறது. "தம்பியைத் தள்ளிவிட்டே, அவனுக்கு முட்டில அடிபட்டிருக்கு. போய் ஸாரி சொல்லிட்டு, தண்ணி கொண்டுவந்து கொடு" என்று சொல்லுங்கள். செய்தது, யாருக்கு, இப்போது என்ன செய்யலாம் என்ற மூன்றும் அதில் இருக்கிறது. முடிந்ததும் அன்றைக்கு அந்தப் பேச்சை மறுபடி எடுக்காதீர்கள், விருந்தாளிகள் முன்னால் சொல்லிக் காட்டாதீர்கள். நீங்கள் அநியாயமாக அடித்துவிட்டால், முட்டி போட்டு அவர்கள் கண்மட்டத்துக்கு இறங்கி, "அப்பா அடிச்சது தப்பு, மன்னிச்சிரும்மா" என்று நீங்களும் கேளுங்கள்.